எட்டு மணிக்கே வந்துட்டோம்

என் முதல் பெரிய தப்பு ஒரு ரப்பர் பாம்பு. ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொன்னால் சாதனையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், நீங்களும் இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி விடுவீர்கள். அதனால் நான் பாம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் இருளர் பெண், பாம்பு பிடிக்கிறவர்கள் என்று ஊர் சொல்கிற ஜனம். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்தேன். ஆறு வயதில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து ஓவியக் கல்லூரி, அப்புறம் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம். உதவி ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்து ஆர்ட் டைரக்டராக வெளியே வந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, நிம்மதியாகத் தூங்குகிறேன்.

சேர்ந்த புதிதில் "எந்த ஊரு?" என்று கேட்டால் "ஸ்ரீபெரும்புதூர் பக்கம்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்யச் செய்ய ஒரு விஷயம் உறுத்தியது. நாங்கள் விளம்பர போர்டில் ஏற்றிய அத்தனை முகங்களில் என் அம்மாவின் சாயலில் ஒரு முகம்கூட இல்லை. எங்கள் ஜனம் சோப்புப் போட்டுக் குளிப்பதில்லையா, டீ குடிப்பதில்லையா என்று எனக்குள் ஒரு கோபம் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒரு டார்ச் லைட் விளம்பரத்துக்கு வயல் வரப்பில் நடக்கிற ஒரு மனிதர் தேவைப்பட்டார். "ஒரு இருளரைப் போடலாம்" என்றேன். அந்த ஆபீஸில் அந்த வார்த்தையை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கிளையன்ட் மறுக்கவில்லை. "அவர் இருளர்னு பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். "எதுக்குத் தெரியணும்?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கைக்கு வந்தது நழுவிவிடுமோ என்ற பயத்தில், "கழுத்துல ஒரு பாம்பப் போடலாம் சார்" என்றேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சொன்னது கிளையன்ட் இல்லை, நான்.

நடிக்க வந்தவர் எனக்குச் சித்தப்பா முறை. ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர். ரப்பர் பாம்பைக் கழுத்தில் போட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. அந்த முகத்தைப் பார்த்து "என்னா ஒரு தீவிரம்!" என்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். போர்டு ஏறி ஒரு வாரத்தில் சித்தப்பா ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, பாம்பக் கண்டா நான் ஓடறது ஊருக்கே தெரியும். இப்ப மில்லாண்ட போனா அத்தினி பேரும் புஸ்ஸு புஸ்ஸுன்னுகினு கீறானுங்க. மூட்ட தூக்கறாப்பல எடுத்திருந்தா இன்னா?"

அவர் போன பிறகு எங்கள் ஸ்டூடியோவை நடத்திய மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "போர்டு ஏத்தறதுக்கு முன்னாடி அந்தப் படத்த அவர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். படத்தில் இருப்பவர்தான் படத்தை முதலில் பார்க்க வேண்டும், கிளையன்ட் அப்புறம். நான் சொல்ல வந்த கதையில் ஐந்து பேருடைய வேலையைக் காப்பாற்றியது இந்தச் சட்டம்தான்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஒவ்வொரு மீட்டிங்கிலும் சண்டை போட்டேன். நான் வாயைத் திறந்தாலே "வந்துட்டாங்கப்பா சங்கத் தலைவி" என்று ஆபீஸில் கிண்டல். சில சமயம் ஜெயித்தேன், பல சமயம் தோற்றேன். ஒரு பேருந்துக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் எங்கள் ஆள் ஒருவர், ஒரு பள்ளிக்கூட விளம்பரத்தில் ஓரமாக ஒரு குழந்தை, இப்படித்தான் போனது. நடுவில் நிற்கிற முகமாக ஒருவரைக் கொண்டுவர எனக்கு ஓய்வு பெறுகிற வயது நெருங்கிவிட்டது.

ஒரகடத்தில் கார் ஒயரிங் செய்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே எங்கள் ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து ஐந்து பெண்களை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். எங்கள் ஜனத்திலிருந்து அந்தக் கேட்டுக்குள் போன முதல் ஐந்து பேர். வேலைக்கு ஆள் எடுக்க அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு பெரிய போர்டு தேவைப்பட்டது. அந்த ஐந்து பேரையே போர்டில் போடலாம், இருளரைப் பற்றி இருளரே எடுக்கட்டும் என்று பேசி, நான் அந்த வேலையை வாங்கினேன். அவர்களுடைய மனிதவள மேலாளர் நல்லவர்தான், ஆனால் கண்டிப்பானவர். இந்த ஐந்து பேரும் சரியாக வந்தால் அடுத்த பேட்ச்சில் அதே குடியிருப்பிலிருந்து இன்னும் இருபது பேரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஐவரில் வாயாடி கன்னியம்மா. செங்கல் சூளையில் வளர்ந்து, அங்கிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் பெண். அவள் தங்கை பொன்னி அந்த இருபது பேரில் ஒருத்தியாக வேண்டும் என்பதுதான் அவள் கனவு. முதல் சந்திப்பில் என்னை "மேடம், மேடம்" என்றாள். "நானும் பிள்ளைப்பாக்கந்தான், நம்ம ஜனந்தான்" என்றதும் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து பார்த்தாள். அடுத்த நிமிஷமே "அத்தே" என்றும் "நீ" என்றும் ஆகிவிட்டது. எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

படப்பிடிப்புக்கு ஒரு புதன்கிழமை குறித்தேன். ஐந்து பேரும் ஒரே ஷிப்டில் இருக்கிற வாரம் அது. மேலாளரும் அன்று முழுவதும் அவர்களை லைனிலிருந்து விடுவித்து, ஆன் டூட்டி என்று போட்டுக்கொடுத்தார். நானே கேன்டீனில் அவர்களைப் பார்த்துச் சொன்னேன்.

"புதன்கிழம எட்டு மணிக்கு ஷூட்டிங். யூனிஃபார்ம், ஷூ, ஐடி எல்லாம் இருக்கணும்."

கன்னியம்மா விரல் விட்டு நாளை எண்ணினாள். "அன்னிக்கேவா அத்தே?"

"அன்னிக்கேதான். மாத்த முடியாது."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கன்னியம்மா என் கையைப் பிடித்து, "நீ இருக்கச் சொல்லத்தான் இதெல்லாம் நடக்குது" என்றாள். போர்டில் வரப்போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் தொழிற்சாலையில் விளக்கெல்லாம் போட்டுத் தயாராக இருந்தோம். நானும் என் ஃபோட்டோகிராபர் சார்லஸும் உதவியாளர்களும். எட்டு ஆனது, எட்டரை ஆனது. கம்பெனி பஸ்ஸில் அவர்கள் ஏறவில்லை என்றார் டிரைவர். ஐந்து நம்பருக்கும் போன் போட்டோம், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேலாளர் வந்தார். கோபமாக இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை.

"ஷூட்டிங்க நிறுத்த வேணாம் மேடம். மெட்ராஸ்லேர்ந்து அஞ்சு மாடல் வரச் சொல்லுங்க, மேக்கப் போட்டுக்கலாம். ஆனா அந்த அஞ்சு பேரும் நாளைலேர்ந்து வர வேணாம். ஆன் டூட்டி போட்டு வாங்கிட்டு ஊர் சுத்தப் போனா என்ன அர்த்தம்? அடுத்த பேட்ச் பத்தியும் நான் யோசிக்கணும்."

அவர்களுக்கு ஏதாவது விபத்தோ என்று கேட்டுப் பார்க்க வாசலுக்கு ஓடினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அந்தப் பக்கத்து ஆள். எனக்குப் பதில் சொன்னபோது அவர் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது.

"இன்னா மேடம், இன்னிக்கு மாசி மகமாச்சே. இருளருங்க ஒருத்தராவது ஊர்ல கீறாங்களா பாருங்க. எல்லாம் மாபல்லிபுரம் கடலாண்ட பூட்டாங்க. அவங்க சாமி நாளு இது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும், தெரியாமல் என்ன! கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானம் சொல்லிக் கூப்பிட, மாசி மகத்தன்று எங்கள் ஜனம் மொத்தமும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடும். சேலையைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள், விடியலில் மணலில் படி கட்டிப் பூஜை வைப்பார்கள், கல்யாணம் பேசுவார்கள், காது குத்துவார்கள். நான் ஐந்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போனதுதான் கடைசி. அதன்பிறகு விடுதி, கல்லூரி, ஆபீஸ். என் மேசையில் இருந்த கம்பெனி காலண்டரில் மாசி மகம் கிடையாது. மீட்டிங் மீட்டிங்காக எங்கள் ஜனத்துக்காக வாதாடிய சங்கத் தலைவி, அந்த ஜனத்துக்கு வருஷத்தில் இருக்கிற ஒரே நாளில் ஷூட்டிங் வைத்திருந்தேன்.

தம்பிகளா, தங்கைகளா, அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு மாடல்களை வரவழைத்திருக்கலாம். போர்டும் ஏறியிருக்கும், என் பெயரும் கெட்டிருக்காது. "அந்த ஜனத்த நம்ப முடியாது சார்" என்று ஒரு பழி மட்டும் அவர்கள் மேல் நின்றிருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு அரை நிமிஷம் அந்த வழியும் என் மனதில் வந்து போனது. பிறகு மேலாளரிடம் போனேன்.

"சார், இன்னிக்கு எங்க திருவிழா. தேதி குறிச்சது நான். தப்பு என்னுது, அவங்களுது இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் அதே ஆளுங்கன்னுதானே மேடம் சொன்னீங்க? உங்களுக்கே தெரியலன்னா நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது? சரி, நீங்க மறந்தீங்க. அவங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர்களைக் கூட்டி வர நாலு மணி வரை டைம் கேட்டேன். அவர்களை நிறுத்தச் சொல்லி ஒப்பந்தக்காரருக்கு நாலு மணிக்குத்தான் கடிதம் போகும் என்றார். சார்லஸை இழுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று வேன் போய்க்கொண்டே இருந்தது. வழி முழுக்க வெட்கம். கூடவே கொஞ்சம் கோபமும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தை அத்தை என்று ஒட்டிக்கொண்டாளே, அத்தையை இப்படித் தெருவில் நிறுத்துவாளா என்று கன்னியம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

கடற்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேலைக் கூடாரங்கள். பம்பைச் சத்தம், பொரி, மொட்டை போட்ட குழந்தைகள். ஆபீஸ் செருப்போடு மணலில் தடுமாறிக்கொண்டிருந்த என்னை ஒரு பெண் நிறுத்தினாள். "எந்த ஊரு நீ?" என்றாள். அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை, ஊரைத்தான் கேட்பார்கள். "பிள்ளப்பாக்கம்" என்றேன். "அதோ, அந்தாண்ட போ" என்று கையைக் காட்டினாள். வேலை விஷயமாக வந்தவளுக்கு அந்த நேரத்தில் ஏன் கண் கலங்கியது என்று கேட்காதீர்கள்.

காட்டிய பக்கம் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பதினோரு மணி வெயிலில், மணலில், ஐந்து பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தொழிற்சாலை யூனிஃபார்ம், மடிப்புக் கலையாமல். தலை படிய வாரி, கழுத்தில் ஐடி கார்டு. காலில் அந்தக் கனமான சேஃப்டி ஷூ. சுற்றிச் சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தபடி நின்றன. என்னைக் கண்டதும் கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா அத்தே, எட்டு மணின்னு சொல்லிட்டு இப்ப வர்றே? நாங்க எட்டு மணிக்கே வந்துட்டோம். விடியக்காலம் பூஜ முடிச்சு, குளிச்சு, மாட்டிக்கினு நின்னது. ஷூவுக்குள்ள மண்ணு பூந்து கால் வேகுது. கேமரா எங்க?"

"இங்கயா வரச் சொன்னேன்?" என்றேன்.

"மகத்தன்னிக்கு வேற எங்க வரச் சொல்வே? நீயே நாளு குறிச்சே. அன்னிக்கேவான்னு கேட்டேன், அன்னிக்கேதான்னே. கம்பெனிக்காரன் சொல்லியிருந்தா சார் அன்னிக்கு மகம்னு சொல்லியிருப்போம். நீ நம்ம ஜனமாச்சே, உனக்குப் போய் நாங்க சொல்றதா? நம்ம சாமியாண்ட வச்சு எடுக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கோம்."

அவர்கள் வராமல் போகவில்லை. என் வார்த்தையை என்னைவிட அதிகமாக நம்பி, சரியான நாளில், சரியான இடத்தில், மூன்று மணி நேரமாக நின்றிருக்கிறார்கள். நான்தான் தப்பான இடத்தில் விளக்கைப் போட்டுக் காத்திருந்தேன். அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். சார்லஸ் பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அழுது முடித்து விஷயத்தைச் சொன்னேன். மேலாளர், நாலு மணி, கடிதம், பொன்னியின் பேட்ச் எல்லாவற்றையும். ஐந்து முகமும் சுருங்கிப்போயின. உடனே எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கன்னியம்மா அசையவில்லை.

"படம் எடுத்துட்டுப் போலாம் அத்தே. இம்மா நேரம் நின்னுட்டோம்."

சார்லஸ் எடுத்தான். கடலைப் பார்த்து, அலையில் ஓடி, சிரித்து, என்னென்னவோ எடுத்தான். என் சட்டப்படி முதலில் அவர்களிடம் காட்டினேன். எனக்குப் பிடித்தது ஒரு படம். அலை வந்து ஷூவை நனைக்க, ஐந்து பேரும் கத்திக்கொண்டு சிரிக்கிற படம். முப்பது வருஷ அனுபவம் அதுதான் சிறந்த படம் என்று சொன்னது. கன்னியம்மா வேகமாகத் தள்ளிக்கொண்டே போய் ஒரு படத்தில் நிறுத்தினாள். நான் வருவதற்கு முன் நின்ற மாதிரியே விறைப்பாக நிற்கிற படம். பின்னால் கடல், கூடாரங்கள், பூஜை நடந்த மணல் படி.

"இத அனுப்பு. இதுலதான் அஞ்சு பேரு ஐடி நம்பரும் தெரியுது. சாருக்கு அதான் வோணும்."

விளம்பரத் துறையில் நரைத்த எனக்கு அது தோன்றவில்லை. அந்த மனிதர் என்ன பார்ப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் போனில் சிக்னல் இல்லை, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் அனுப்பினேன். கீழே "எட்டு மணியிலிருந்து நிற்கிறார்கள், நான் வந்தது பதினொன்றுக்கு" என்று எழுதினேன். ஐந்து நிமிஷம் கழித்து மேலாளரே கூப்பிட்டார்.

"மேடம், மணல்லயா சேஃப்டி ஷூ போட்டு நிக்கிறாங்க?"

"ஆமா சார். மூணு மணி நேரமா."

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "எங்க லைன்லகூட ஷூ போடச் சொல்லி தினம் கத்த வேண்டியிருக்கு."

"நாலு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துரட்டுமா சார்?"

"எதுக்கு மேடம்? ஆன் டூட்டிலதானே இருக்காங்க. திருவிழா முடிச்சுட்டு நாளைக்கு ஷிப்டுக்கு வரட்டும்."

திரும்பி ஓடி வந்து சொன்னேன். அன்று மத்தியானம் கன்னியம்மாவின் அம்மா கொடுத்த சோறும் கருவாட்டுக் குழம்பும் போல நான் எந்த நட்சத்திர ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை.

அடுத்த வாரம் தொழிற்சாலைக்குள் வைத்து அழகாக ஒரு படம் எடுத்தோம். இரண்டையும் மேலாளர் மேசையில் வைத்தேன். ஃபேக்டரி விளம்பரத்தில் கடல் எதற்கு என்று அவருடைய மேலதிகாரிகள் கேட்டார்களாம். வேலைக்குச் சரியாக வருகிற ஆளுக்கு இதைவிட நல்ல படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள் என்று இவரே எங்களுக்காகச் சண்டை போட்டார். ஒரகடம் சாலையில் ஏறிய போர்டில் ஐந்து பெண்களும் கடற்கரையில் விறைப்பாக நின்றார்கள். பாம்பு இல்லை, பாசிமணி இல்லை. யூனிஃபார்மும் ஷூவும், அவர்களுடைய சாமியும். மேலே "எட்டு மணிக்கே வந்துட்டோம்" என்று ஒரே வரி. அந்த வரிக்கு எனக்கு ஒரு விருதும் கிடைத்தது. மேடையில் ஏறி, எழுதியது கன்னியம்மா என்று சொல்லிவிட்டேன். பொன்னி அடுத்த பேட்ச்சில் சேர்ந்தாள். இப்போது அக்காவுக்கே லைனில் வேலை சொல்கிறாள் என்று கேள்வி.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. ஒருவருக்கு நாள் குறிப்பதற்கு முன் "அன்னிக்கு உங்களுக்கு என்ன நாள்?" என்று கேளுங்கள். முக்கியமாக, அவர் உங்கள் ஜனமாக இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். நம்மவர்களைப் பற்றி நமக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் நான் முதலில் பாம்பைப் போட்டேன், பிறகு மகத்தை மறந்தேன். கால்ஷீட்டில் இடத்தையும் எழுதுங்கள், அது வேறு விஷயம்.

இப்போது ஒவ்வொரு மாசி மகத்துக்கும் கடலுக்குப் போகிறேன். இந்த வருஷம் செங்கல்பட்டில் பஸ் தவறிப்போய், நான் போய்ச் சேர்ந்தபோது விடியல் பூஜை முடிந்துவிட்டது. மணலில் மூச்சு வாங்க நடந்து போன என்னை, வழியில் ஒரு கிழவர் நிறுத்தி "எந்த ஊரு நீ?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தூரத்துக் கூடாரத்திலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

"நம்ம ஊருதான் தாத்தா, வுடு. எங்க அத்த. லேட்டாத்தான் வரும். ஆனா வந்துரும்."